மூன்றாவதாகக் கிளம்பிய நிறுவனம்: ஒரே துறையில் அடுத்தடுத்து வந்த ஐபிஓ-க்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றியது

தன் துறையில் மூன்றாவதாகப் பங்குச்சந்தைக்குப் போக முயன்று, போகாமலே திரும்பிய ஒரு மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிய பதிவு இது. 2020 முதல் 2023 வரை நடந்தவை. அந்தக் காலம் முழுவதும் அங்கே நிதிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. நிறுவனத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும், இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் தொகைகளையும் விட்டுவிட்டேன். சந்தையில் ஊரறிய நடந்தவற்றை மட்டும் பெயரோடும் தேதியோடும் தருகிறேன்.

ஒரே துறையைச் சேர்ந்த நிறுவனங்கள் ஏன் ஒரே சமயத்தில் ஐபிஓ-வுக்கு (முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்றுச் சந்தையில் இடம்பெறுவதற்கு) வருகின்றன என்று கேட்டால், ‘ஒருவரைப் பார்த்து ஒருவர்’ என்று பலரும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். உள்ளே இருந்து பார்த்ததில், அது காரணத்தில் பாதிகூட இல்லை. பல காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்து தள்ளுகின்றன. அவற்றில் எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்று பிரித்துப் பார்க்க அந்த வேகத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை.

பின்னணி

கிடங்குகளில் எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது, எதை எந்த வண்டியில் ஏற்றுவது என்பதைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருள்தான் எங்கள் தொழில். வாடிக்கையாளர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள். இதே வேலையைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் எங்களையும் சேர்த்து மூன்று. மற்ற இரண்டையும் முதலாவது, இரண்டாவது என்றே குறிப்பிடுகிறேன்.

மூன்றும் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளிக்குள் தொடங்கப்பட்டவை. அது தற்செயல் அல்ல. இணையம் வழியே கணினித் திறனை வாடகைக்கு எடுப்பது மலிவானதும், இணைய வணிகம் வளர்ந்து கிடங்குகள் திணற ஆரம்பித்ததும் ஒரே காலத்தில் நடந்தன. இளம் நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதிகளும் அப்போதுதான் இந்தத் துறையில் பணம் போட்டன. இத்தகைய நிதிகளுக்குப் பெரும்பாலும் 10 ஆண்டு ஆயுள். ஓரிரு ஆண்டு நீட்டிப்பு கிடைக்கலாம். அதற்குள் போட்டதை எடுத்து, நிதிக்குப் பணம் தந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரே பட்டத்தில் விதைத்தது ஒரே பட்டத்தில்தான் அறுவடைக்கு வரும். மூன்று நிறுவனங்களின் முதலீட்டாளர்களுக்கும் 2021, 2022 வாக்கில் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. இதை நான் மிகவும் பின்னால்தான் கவனித்தேன்.

2020 தொடக்கத்தில் ஐபிஓ என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. கடைகள் மூட, கிடங்குகளுக்கு வேலை பெருகியது. ஒரு காலாண்டில் வரவேண்டிய ஆர்டர்கள் ஒரு மாதத்தில் வந்தன. அதே மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் பூஜ்யத்துக்கு அருகில் கொண்டுபோனது. வட்டி குறைந்தால், பத்து ஆண்டு கழித்து வரப்போகும் லாபத்துக்கும் இன்றே நல்ல விலை கிடைக்கும். எங்களைப் போல இன்னும் லாபம் காணாமல் வேகமாக வளரும் நிறுவனங்களின் மதிப்பு, நாங்கள் எதையும் செய்யாமலே உயர்ந்தது.

முதலாவது நிறுவனம் பட்டியலானது: 2020 இறுதி

அந்தப் பருவத்தில் அமெரிக்கச் சந்தையின் போக்கு எப்படி இருந்தது என்பதற்குச் சில தேதிகள் போதும். செப்டம்பர் 16 அன்று 120 டாலருக்கு விற்ற ஸ்னோஃப்ளேக் என்ற மென்பொருள் நிறுவனத்தின் பங்கு, முதல் நாள் முடிவில் 254 டாலரைத் தொட்டு நின்றது. டிசம்பர் 9 அன்று டோர்டேஷ், மறுநாளே ஏர்பிஎன்பி. ஏர்பிஎன்பி பங்கு 68 டாலரில் கிளம்பி 144 டாலருக்கு மேல் முடிந்தது. எங்கள் துறையின் முதலாவது நிறுவனமும் இந்தச் சமயத்தில்தான் பங்குச்சந்தையில் பட்டியலானது. அதன் பங்கும் ஏறியது.

விலை ஏறியதைவிட எங்களைப் பாதித்தது, அவர்கள் வெளியிட்ட விளக்க ஆவணம். அதுவரை எந்த முதலீட்டாளரைப் பார்த்தாலும் முதல் அரை மணி நேரம் ஒரே கேள்வியில் போய்விடும்: ‘நீங்கள் மென்பொருள் நிறுவனமா, சரக்குப் போக்குவரத்து நிறுவனமா?’ சாதாரணக் கேள்வி அல்ல இது. மென்பொருள் என்றால் வருவாயைப் பல மடங்காகப் பெருக்கி மதிப்பிடுவார்கள்; போக்குவரத்து என்றால் ஓரிரு மடங்கோடு நிறுத்திக்கொள்வார்கள். முதலாவது நிறுவனம் தன் ஆவணத்தில் வாடிக்கையாளர்கள் விலகும் விகிதம், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, மொத்த லாப விகிதம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைத்தது. சந்தை படித்துப் பார்த்து, ‘இது மென்பொருள்தான்’ என்று தீர்ப்புச் சொன்னது. அந்தக் கேள்விக்கு விடை காணும் செலவும் ஆபத்தும் அவர்களுடையவை. விடை மட்டும் எங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

ஒரு துறையில் முதலில் போகும் நிறுவனத்துக்கும் அடுத்துப் போகிறவற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன். முதலில் போகிறவர் விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு அந்த விலை அளவுகோலாகிவிடும். அதனால்தான் ஒரு துறையில் முதல் வெளியீட்டுக்கு நீண்ட காலம் எடுக்கிறது. அப்புறம் மளமளவென்று வருகிறார்கள்.

பங்கு வெளியீட்டை நடத்திக் கொடுக்கும் முதலீட்டு வங்கிகளுக்கும் இதே கணக்குதான். முதலாவது நிறுவனத்துக்காக ஒரு வங்கியின் ஆய்வாளர் மாதக்கணக்கில் உட்கார்ந்து இந்தத் துறையைப் படித்திருப்பார். அந்த உழைப்பை இன்னொரு நிறுவனத்துக்கும் பயன்படுத்தினால் வங்கிக்கு லாபம். ஆறு வாரத்துக்குள் நான்கு வங்கிகள் எங்களைத் தேடி வந்தன. அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் ஒன்றுகூட வந்ததில்லை.

இயக்குநர் வாரியக் கூட்டம்: 2021 ஜனவரி

வங்கியாளர்கள் ஸ்னோஃப்ளேக் வரைபடத்தோடு வந்தார்கள். முதலாவது நிறுவனத்தின் மடங்கை எங்கள் வருவாயின் மீது வைத்துக் காட்டினார்கள். அறையில் இருந்த ஒவ்வொருவரும் தன் பங்கின் மதிப்பை மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார்கள். நானும் போட்டேன்.

வாரியத்தில் மூத்தவர் ஒருவர் இருந்தார். கணினி வன்பொருள் துறையில் பல பத்தாண்டு கழித்தவர். வங்கியாளர்கள் வெளியே போனதும் அவர் ஹார்ட் டிஸ்க் கதையைச் சொன்னார். 1977-க்கும் 1984-க்கும் இடையே துணிகர முதலீட்டு நிதிகள் அமெரிக்காவில் 43 ஹார்ட் டிஸ்க் நிறுவனங்களில் ஏறக்குறைய 40 கோடி டாலர் போட்டன. அவற்றில் பட்டியலான 12 நிறுவனங்களின் மொத்தச் சந்தை மதிப்பு 1983-இன் நடுவில் 500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1984 முடிவதற்குள் அதே 12 நிறுவனங்களின் மதிப்பு 140 கோடிக்கு வந்துவிட்டது. ‘தொழில்நுட்பத்தில் பொய் இல்லை, தேவையிலும் பொய் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் திட்டமும் நியாயமாகத்தான் இருந்தது. எல்லாத் திட்டங்களையும் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை’ என்றார்.

நிறுவனர் அதை மறுத்தார். ‘அங்கே 43 பேர். நம் துறையில் மூன்றே பேர்தானே?’

‘சரி, அந்த மூன்றைக் கூட்டிப் பாருங்கள்’ என்றார் மூத்தவர்.

அன்று இரவே கூட்டினேன். எங்கள் ஐந்தாண்டுத் திட்டம் கையில் இருந்தது. முதலாவது நிறுவனத்துக்கு ஆய்வாளர்களின் கணிப்பு, இரண்டாவதுக்கு எங்கள் விற்பனைப் பிரிவின் ஊகம். மூன்று பேரும் பிடிக்கப்போவதாகச் சொன்ன பெரிய கிடங்கு நிறுவனங்களைக் கூட்டினால், உலகத்தில் இருக்கும் பெரிய கிடங்கு நிறுவனங்களைவிட அதிகமாக வந்தது. இதை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி வாரியத்துக்கு அனுப்பினேன். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அது இருந்தது; நேரம் போதாமல் தள்ளிப்போடப்பட்டது. பிறகு யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. அது என் தவறு.

எடுத்த முடிவு இது: ஐபிஓ-வுக்கு ஆயத்தமாவோம், தேதியைப் பிறகு பார்க்கலாம். காரணமாகப் பதிவானவை, துறை மீது சந்தைக்கு ஆர்வம் இருக்கிறது, வட்டி குறைவு, முதலாவது நிறுவனத்தின் மதிப்பு நல்ல அளவுகோல், முதலீட்டாளர்கள் வெளியேற விரும்புகிறார்கள். ‘இந்தப் பணம் எதற்கு’ என்பதற்கு ‘வளர்ச்சிக்கு’ என்று ஒற்றைச் சொல்தான் பதிவேட்டில் இருக்கிறது.

கணக்கில் போன ஐந்து மாதம்

தனியார் நிறுவனமாக இருந்தவரை எங்கள் தணிக்கையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அமெரிக்காவில் பட்டியலாக, பொது நிறுவனங்களுக்கான தணிக்கைத் தரத்தில் பழைய ஆண்டுகளையும் மறுபடி தணிக்கை செய்ய வேண்டும். அங்கேதான் சிக்கல் வந்தது. புது வாடிக்கையாளருக்கு மென்பொருளை நிறுவிக் கொடுக்கும்போது ஒரு தொடக்கக் கட்டணம் வாங்குவோம். அதை வாங்கிய காலாண்டிலேயே வருவாயாகக் காட்டிவந்தோம். புதிய வருவாய் விதிப்படி, அந்த வேலையைச் சந்தாவிலிருந்து பிரித்துத் தனிச் சேவையாகக் கருத முடியாவிட்டால், கட்டணத்தைச் சேவைக் காலம் முழுவதும் பரப்பிக் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தோம். வருவாய் காணாமல் போகவில்லை, பின்னால் நகர்ந்தது. வளர்ச்சிக் கோடு கொஞ்சம் சரிந்தது. பிப்ரவரியில் ஆரம்பித்து ஜூலையில் முடித்தோம்.

அந்த ஐந்து மாதத்தில் சந்தை எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இரண்டாவது நிறுவனமும் போட்டியின் கைகளும்: 2021 நடுப்பகுதி

இரண்டாவது நிறுவனம் மே மாதம் பகிரங்கமாக விண்ணப்பித்து ஜூலையில் பட்டியலானது. மூவரில் நாங்கள் மட்டும் வெளியே. போட்டியாளர் பட்டியலாவது எப்படிச் சுடும் என்பது அப்போதுதான் புரிந்தது. மூன்று விதத்தில் சுட்டது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களுக்கே உரிய காரணங்கள் என்று சொல்லத் தகுந்தவை இவைதான்.

முதலில் ஆட்கள். எங்கள் பொறியாளர்களுக்கும் பங்கு உரிமை கொடுத்திருந்தோம். ஆனால் அது காகிதத்தில் இருக்கும் சொத்து. முதலாவது நிறுவனம் கொடுத்த பங்கை அவர்கள் சந்தையில் விற்று வீட்டுக் கடன் அடைக்கலாம். இரண்டு மாதத்தில் ஏழு மூத்த பொறியாளர்கள் கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார்: ‘உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. எனக்கு இப்போது பணம் தேவை, அவ்வளவுதான்.’ பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அடுத்தது வாங்கும் சக்தி. கிடங்கு ரோபோக்களை இயக்கும் ஒரு சிறு நிறுவனத்தை வாங்க நான்கு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். முதலாவது நிறுவனம் குறுக்கே வந்து மூன்று வாரத்தில் வாங்கிவிட்டது. பணமாகக் கொடுத்தது கொஞ்சம்தான், மீதியைப் பங்காகக் கொடுத்தது. பட்டியலான பங்கு கையில் இருந்தால் அதுவே ஒரு நாணயம்.

கடைசியாக வாடிக்கையாளர்கள். ஒரு பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் பிரிவு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் எங்கள் நிதிநிலையைக் கேட்டது. மற்ற இருவரின் கணக்கும் எல்லோர் பார்வையிலும் இருக்கிறது, உங்களுடையது எங்கே என்று கேட்டார்கள். இத்தனைக்கும் முதலாவது நிறுவனத்தின் ஆவணத்தில் போட்டியாளர்கள் என்ற தலைப்பில் எங்கள் பெயரும் இருந்தது. அது எங்களுக்கு விளம்பரமாக அமையவில்லை. ‘பட்டியலாகாதவர்’ என்ற அடையாளமாகிவிட்டது.

ரகசிய விண்ணப்பமும் சந்திப்புகளும்: 2021 ஆகஸ்ட் – அக்டோபர்

ஆகஸ்டில் வாரியம் இரண்டாவது முடிவை எடுத்தது: ரகசியமாக விண்ணப்பிப்பது. 2012 ஏப்ரல் 5 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஜாப்ஸ் சட்டம், குறிப்பிட்ட வருவாய் வரம்புக்குள் இருக்கும் நிறுவனங்களுக்கு இந்த வசதியைத் தந்தது. கணக்கையும் தொழில் ரகசியத்தையும் போட்டியாளர் கண்ணில் படாமல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, கடைசியில் வெளியிட்டால் போதும். விண்ணப்பத்துக்கு முன்னும் பின்னும் பெரிய முதலீட்டாளர்களைச் சந்தித்து நாடி பார்க்கவும் அது அனுமதித்தது. ஆய்வின் நடுவே இருக்கும் விவரங்களை முன்கூட்டியே காட்டத் தயங்கிய உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்கள் 2013-இலும் 2014-இலும் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்ததில் இந்தச் சட்டத்துக்கும் பங்குண்டு. ஒரு துறையே திரண்டு வருவதற்கு விதி மாற்றமும் காரணமாகலாம் என்பதற்கு அது நல்ல சான்று. எங்களுக்கு அது அளித்த பயன் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

செப்டம்பரில் பன்னிரண்டு முதலீட்டு நிறுவனங்களைச் சந்தித்தோம். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள், துறையை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். துறை என்ன என்று விளக்கும் வேலை மிச்சமானது உண்மை. ஆனால் ஒரு நிதி மேலாளர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: ‘உங்கள் நிறுவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தத் துறைக்கு நான் ஒதுக்கிய பணத்தை மற்ற இரண்டிலும் போட்டுவிட்டேன். உங்களை வாங்க வேண்டுமென்றால் அவர்களை விற்க வேண்டும். எதற்காக விற்க வேண்டும், சொல்லுங்கள்.’

எங்களிடம் வலுவான பதில் இல்லை. ‘அவர்களைப் போலவே நாங்களும்’ என்பதைச் சொல்லியே இதுவரை வந்திருந்தோம். அளவுகோலாக உதவிய அதே ஒப்பீடு, வித்தியாசம் கேட்டபோது எங்களைக் கட்டிப்போட்டது.

மூத்த உறுப்பினர், வாடகைக் கார் செயலி நடத்தும் லிஃப்ட், உபர் நிறுவனங்களை நினைவூட்டினார். இரண்டும் 2018 டிசம்பர் 6 அன்று, ஒரே நாளில் ரகசியமாக விண்ணப்பித்தவை. யார் முந்துவது என்பதில் அவ்வளவு அவசரம். லிஃப்ட் 2019 மார்ச் 29 அன்று 72 டாலருக்குப் பட்டியலாகி, இரண்டாவது வர்த்தக நாளிலேயே அந்த விலைக்குக் கீழே போனது. மே 10 அன்று 45 டாலருக்கு வந்த உபர், முதல் நாளே 41.57-இல் முடிந்தது. முன்னே போனவர் பாதையும் போடுவார். அவர் சறுக்கினால் பின்னே வருகிறவரையும் சேர்த்து இழுப்பார்.

நவம்பர் 12-ஆம் தேதி

நிறுவனங்கள் ஏன் ஒரே வாரங்களில் குவிகின்றன என்பதற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது. பங்கு வெளியீட்டின்போது, கடைசித் தணிக்கைக்கோ பரிசீலனைக்கோ பின் நிதிநிலையில் பாதகமான மாற்றம் எதுவும் தங்கள் கவனத்துக்கு வரவில்லை என்று தணிக்கையாளர்கள் வங்கிகளுக்கு ஒரு உறுதிக் கடிதம் தருவார்கள். அந்த உறுதியை, கடைசிக் கணக்குத் தேதியிலிருந்து 135 நாளுக்குள் மட்டுமே தருவார்கள். ஜூன் 30 கணக்கோடு போவதானால் கெடு நவம்பர் 12. தவறினால் செப்டம்பர் 30 கணக்கைத் தயாரிக்க வேண்டும். அதன் கெடு பிப்ரவரி 12. நடுவில் ஆண்டு இறுதி விடுமுறையில் சந்தை தூங்கிவிடும். காலண்டர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால்தான் ஆளாளுக்குத் தனியே முடிவெடுத்தாலும் அக்டோபரிலும் நவம்பர் முதல் பாதியிலும் ஒரே வாசலில் நெருக்குகிறார்கள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் வங்கிகள் விலை வரம்பைச் சொன்னார்கள். வசந்த காலத்தில் பேசியதைவிடக் கால்வாசி குறைவு. முதலாவது நிறுவனத்தின் பங்கு, பழைய பங்குதாரர்கள் விற்கக் கூடாத 180 நாள் லாக்-இன் முடிந்து அவர்கள் விற்க ஆரம்பித்ததிலிருந்து தளர்ந்திருந்தது. இரண்டாவதன் லாக்-இன் வரும் ஜனவரியில் முடிய இருந்தது.

வாரியத்தின் முன் இரண்டு வழி இருந்தன. நவம்பர் 12-க்குள் குறைந்த விலைக்குப் போவது, அல்லது செப்டம்பர் காலாண்டுக் கணக்கோடு ஜனவரியில் போவது. செப்டம்பர் காலாண்டு நன்றாக இருந்தது. அதைக் காட்டினால் விலை ஏறும் என்று நிறுவனர் நம்பினார். நிதிகளின் பிரதிநிதிகளும் கால்வாசியை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. மூத்தவர் மட்டும் நவம்பர் என்றார். நான் ஜனவரி பக்கம் நின்றேன். செப்டம்பர் கணக்கு என் பிரிவின் உழைப்பு. அது வெளியே தெரிய வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருந்தது.

கதவு அடைபட்டது: 2022

தொழில்நுட்ப நிறுவனங்கள் நிறைந்த அமெரிக்கப் பங்குக் குறியீடான நாஸ்டாக் 2021 நவம்பர் 19 அன்று உச்சத்தில் முடிந்தது. எங்கள் கெடு முடிந்து சரியாக ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. 2022 ஜனவரியில் மட்டும் அது ஏறத்தாழ 9 சதவீதம் விழுந்தது. வங்கிகள் ‘இரண்டு வாரம் பார்க்கலாம்’ என்றார்கள். பிப்ரவரி 12 கடந்தது. மார்ச் 16 அன்று அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கியது. அந்த ஆண்டு முழுவதும் சேர்த்து நாஸ்டாக் மூன்றில் ஒரு பங்கை இழந்தது. சொந்தத் தொழில் இல்லாமல், வேறொரு நிறுவனத்தை வாங்குவதற்காகவே பட்டியலாகும் ஸ்பாக் போன்ற வெற்று நிறுவனங்களை நீக்கி எண்ணினால், அமெரிக்காவில் 2021-இல் 300-க்கும் மேற்பட்ட ஐபிஓ-க்கள். 2022-இல் 40-கூட இல்லை. ஏறும்போது வரிசையாக வந்தார்கள். நிற்கும்போது எல்லோரும் ஒரே நாளில் நின்றார்கள்.

கோடையில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றோம். ரகசிய விண்ணப்பத்தின் பயன் என்றேனே, அது இதுதான்: திரும்பியது வெளியே தெரியவில்லை. பகிரங்கமாக விண்ணப்பித்துப் பின்வாங்கியிருந்தால் வாடிக்கையாளர்கள் அதை வேறு மாதிரி படித்திருப்பார்கள்.

ஆனால் கணக்கில் தெரிந்தது. வழக்கறிஞர், தணிக்கை, அச்சு எனச் செய்த செலவுகளை, வெளியீட்டில் வரும் பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று தனியே தள்ளி வைத்திருந்தோம். வெளியீடு 90 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் அது கைவிடப்பட்டதாகவே கருதப்படும். செலவு முழுவதையும் அந்தக் காலாண்டின் நஷ்டத்தில் எழுத வேண்டும். எழுதினோம்.

பிறகு நடந்தவை

கையில் பதினாறு மாதத்துக்குப் பணம் இருந்தது. ஒரு முதலீட்டு நிதி, பின்னால் பங்காக மாற்றிக்கொள்ளும் கடனாகக் கொஞ்சம் தந்தது. அதன் மதிப்பீடு, நாங்கள் நவம்பரில் வேண்டாம் என்ற விலையில் ஏறத்தாழ பாதி. ஒரு புதிய தயாரிப்பை நிறுத்தினோம். அந்தக் குழுவில் இருந்தவர்களில் பெரும்பாலோரை அனுப்ப வேண்டியிருந்தது. ஐபிஓ வரும் என்று நம்பி, வெளியே வந்த வாய்ப்புகளை விட்டவர்கள் அவர்களில் இருந்தார்கள். இந்தப் பதிவில் எனக்கு எழுதக் கடினமான வரி இதுதான்.

கெடு முடிந்த இன்னொரு நிதி தன் பங்கைத் தள்ளுபடியில் வேறொரு நிதிக்கு விற்று வெளியேறியது. அதற்கு ஐபிஓ தேவைப்படவே இல்லை. முதலாவது நிறுவனத்தின் பங்கு பாதிக்கும் கீழே போய், 2023-இல் ஒரு தனியார் பங்கு நிதி அதை வாங்கிச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டாவது இன்னும் பட்டியலில் இருக்கிறது. ஐபிஓ பணத்தைக் கையில் வைத்திருந்ததால் 2022-ஐ எங்களைவிட எளிதாகக் கடந்தது.

மறுபடி செய்வதானால்

2022 இறுதியில் மூத்தவர் சொல்லி ஒரு வேலை செய்தோம். ஐபிஓ-வுக்காக 2021-இல் சொன்ன காரணங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அது யாருடைய காரணம் என்று குறித்தோம். நிதியின் கெடு முதலீட்டாளருடையது. ஆய்வாளரின் உழைப்பு வங்கியுடையது. உயர்ந்த மடங்கு முதலாவது நிறுவனத்துடையது. குறைந்த வட்டி யாருடையதும் அல்ல. எங்களுடையவை என்று நின்றவை ஆட்கள், வாங்கும் சக்தி, வாடிக்கையாளர் நம்பிக்கை என்ற மூன்றும்தான்.

அந்த மூன்றிலும், பட்டியலானால் மட்டுமே தீரும் என்று சொல்லக்கூடியது வாங்கும் சக்தி ஒன்றுதான். வாடிக்கையாளர் நம்பிக்கைக்கு, ரகசிய ஒப்பந்தத்தின் கீழ் தணிக்கை செய்த கணக்கைக் கொள்முதல் பிரிவுக்குக் காட்டினோம், போதுமானதாக இருந்தது. ஆட்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஊழியர் பங்கில் ஒரு பகுதியை நிறுவனமே ஏற்பாடு செய்த விற்பனையில் பணமாக்க வழி செய்யலாம். இதை 2021-இல் செய்திருந்தால் ஐபிஓ செலவைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். ஏழு பொறியாளர்களில் சிலராவது இருந்திருப்பார்கள்.

அக்டோபர் முடிவைப் பற்றி எனக்கு இப்போது ஒரு தெளிவு இருக்கிறது. வாங்கும் சக்தி உண்மையிலேயே தேவை என்றால், கால்வாசி குறைந்த விலைக்கு நவம்பரில் போயிருக்க வேண்டும். தேவை இல்லை என்றால், 2021 ஜனவரியில் ஆயத்தத்தையே ஆரம்பித்திருக்கக் கூடாது. இரண்டில் எதைச் செய்திருந்தாலும் நியாயம் சொல்லலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது, நல்ல விலைக்காகக் காத்திருப்பது என்ற மூன்றாவது வழி. அந்த விலை எங்கள் தொழிலால் வந்தது அல்ல, அலையால் வந்தது. அலையால் வந்ததை எங்கள் ஒரு காலாண்டுக் கணக்கு உயர்த்தும் என்று நம்பியதுதான் பிழை.

கணக்கைப் பொறுத்தவரை, தொடக்கக் கட்டணச் சிக்கலை இரண்டு ஆண்டு முன்பே தீர்த்திருக்கலாம். அதற்கு ஐபிஓ எண்ணம் தேவையில்லை. நல்ல கணக்கு எப்போதும் தேவை. அந்த ஐந்து மாதம் போகாமல் இருந்திருந்தால் இரண்டாவது நிறுவனத்துக்கு முன்னால் கிளம்பியிருப்போம். அப்போது அந்த நிதி மேலாளரிடம் பணமும் மீதி இருந்திருக்கும்.

2023 செப்டம்பரில் கதவு கொஞ்சம் திறந்தது. 14-ஆம் தேதி ஆர்ம், 19-ஆம் தேதி இன்ஸ்டாகார்ட், 20-ஆம் தேதி கிளாவியோ, ஒரே வாரத்துக்குள் மூன்று. 2021-இல் 3,900 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட இன்ஸ்டாகார்ட், ஏறத்தாழ 1,000 கோடிக்குப் பட்டியலாகச் சம்மதித்திருந்தது. மறுவாரமே எங்களுக்கு இரண்டு வங்கிகளிடமிருந்து அழைப்பு. வாரியத்தில் இந்த முறை வரைபடத்தைத் திறப்பதற்கு முன், வாங்க வேண்டிய நிறுவனம் எதாவது பார்வையில் இருக்கிறதா என்று நிறுவனரே கேட்டார். இல்லை. கணக்குகள் ஜூன் 30 வரை பரிசீலனை முடிந்து தயாராக இருந்தன. போக நினைத்திருந்தால் நவம்பர் 12-க்குள் போயிருக்கலாம். விண்ணப்பிப்பதில்லை என்று பதிவு செய்துவிட்டு, ஊழியர்கள் பங்கை விற்றுக்கொள்ள அந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்குவது என்ற அடுத்த விஷயத்துக்குப் போனோம்.